காரணம் என்னும் கட்டம்: கஞ்சாவும் பித்தும் பற்றிய நெடுவழக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய இந்தியாவின் மனநோய் விடுதிகளில் பேணப்பட்ட பதிவேடுகளில், கொண்டுவரப்படுவோரின் பெயர், சாதி, தொழில், வயது ஆகியவற்றுக்குரிய கட்டங்களோடு, ‘நோயின் காரணம்’ என்றொரு கட்டமும் இருந்தது. அக்கட்டத்தை வெறுமையாக விடுதல் முறையன்று. ‘தெரியவில்லை’ என்று எழுதினால் மேலிடத்தின் மனக்குறைக்கு ஆளாக நேரும். நோயாளியை அழைத்து வருபவரோ பெரும்பாலும் காவலர். தெருவிலே திரிந்தவனைப் பிடித்து, குற்றவியல் நடுவர் முன் நிறுத்தி, அவர்தம் ஆணையோடும் ஒரு விவரத்தாளோடும் விடுதி வாயிலில் ஒப்படைத்துச் செல்வார். அத்தாளில் ‘கஞ்சா’ என்று எழுதியிருந்தால், எழுத்தர் அதனையே பதிவேட்டிற் படியெடுப்பார். ஆண்டிறுதியில் கண்காணிப்பாளர் கட்டங்களைக் கூட்டி அறிக்கை விடுப்பார். அறிக்கை அச்சேறியபின், காவலர் ஒருவரின் ஊகம் மருத்துவப் புள்ளிவிவரமாகத் தலைநகருக்குச் செல்லும். கடல் கடந்து இலண்டனுக்கும் செல்லும்.

கஞ்சா மனத்தைக் கெடுக்குமா என்னும் வழக்கு இன்றும் உலகெங்கும் நடைபெறுகின்றது. அவ்வழக்கின் முதற் சான்றாவணம் இந்தக் கட்டமே எனலாம். சென்னையில் கீழ்ப்பாக்கத்து விடுதி 1871ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. (பின்னாளில் ஊர்ப்பெயரே பித்தைச் சுட்டும் கேலிச்சொல்லாயிற்று, அங்கு வாழும் நல்லோர் என் செய்வர்!) அதே ஆண்டில்தான் இந்திய அரசு கஞ்சாவுக்கும் பித்துக்கும் உள்ள உறவு பற்றி மாகாண அரசுகளிடம் கருத்துக் கேட்டது. வந்த விடைகளைத் தொகுத்து 1873இல் அரசு வெளியிட்ட தீர்மானம், இடையறாப் பழக்கம் பித்தை உண்டாக்கும் போக்குடையது என்பதில் ஐயமில்லை என்றது. ஆயினும் அதனை அறவே தடுக்க வேண்டுவதில்லை என்றும் கூறியது. ஐயமில்லை என்னும் அவ்வுறுதி எங்கிருந்து வந்தது என்று அன்று எவரும் பெரிதாக உசாவவில்லை. அது விடுதிப் பதிவேடுகளிலிருந்து வந்தது.

இக்கட்டங்களை நம்பாமல், பொருளைத் தாமே கண்டறிய முயன்ற மருத்துவர் இருவர் இதற்கு ஒரு தலைமுறை முன்பே இருந்தனர். ஒருவர் கல்கத்தாவில், மற்றவர் பாரிசில்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானெஸி, 1839ஆம் ஆண்டளவில் கஞ்சாச் சாரத்தை முதலில் விலங்குகளுக்கும், பின்னர் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். முடக்குவாதம், வாந்திபேதி, உடலை வில்லாய் வளைக்கும் இசிவுநோய் ஆகியவற்றில் அதன் பயனை ஆராய்ந்தார். இசிவுநோயில் வலிப்பு அடங்கியதைக் கண்டு மகிழ்ந்தார். அளவு மீறினால் ஒருவகைச் சித்தக் கலக்கம் நேர்வதையும் அவரே குறித்து எச்சரித்தார். மருந்தென்று போற்றியவரே அதன் கேட்டையும் எழுதியிருப்பது நோக்கத்தக்கது. பின்வந்தோர் இவ்விரண்டிற் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். யார் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டார் என்பது அவரவர் கட்சியைப் பொறுத்தது.

பாரிசில் மனநோய் மருத்துவராயிருந்தவர் மொரோ. தூர் நகரத்தை அடையாகக் கொண்டு ‘மொரோ த தூர்’ எனப்பட்டார். எகிப்து முதலிய கீழை நாடுகளிற் பயணம் செய்து, அங்கே ஹஷீஷ் என்னும் கஞ்சாப் பொருளின் வழக்கத்தைக் கண்டு திரும்பியவர் அவர். நோயாளியின் உள்ளத்தை வெளியிலிருந்து எத்துணைக் காலம் நோக்கினும் அது எத்தகையது என்பது விளங்காது. மருத்துவன் தானே சிறிது நேரம் பித்தனாகிப் பார்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் தாமே ஹஷீஷ் உண்டார். காலம் நீளுதல், எண்ணங்கள் கட்டவிழ்ந்து ஓடுதல், ஐயமும் அச்சமும் காரணமின்றித் தோன்றுதல், உள்ளும் புறமும் மயங்குதல் ஆகியவற்றைத் தம்மிடமே கண்டு குறித்தார். 1845இல் அவர் வெளியிட்ட நூல், கனவும் பித்தும் இயல்பால் ஒன்றே என்று வாதித்தது. ஒரு பொருள் மூளையிற் புகுந்து பித்தைப் போன்ற நிலையைச் சில நாழிகைக்குத் தோற்றுவிக்குமாயின், பித்தே மூளையின் மாறுதலால் வருவதாகலாம் என்னும் எண்ணத்திற்கு அந்நூல் வழி வகுத்தது. இன்றைய ஆய்வுக்கூடங்களில் நலமுள்ள ஒருவருக்குக் கஞ்சாவின் வேதிப்பொருளை அளந்து கொடுத்து, சிறிது போழ்து தோன்றும் மனமயக்கத்தைக் குறிக்கின்றனரே, அம்முறையின் மூதாதை அவரே.

மொரோ மருத்துவரோடு நிற்கவில்லை, எழுத்தாளரையும் துணைக்கழைத்தார். செயின் ஆற்றுத் தீவொன்றிலிருந்த பிமோதான் மாளிகையிற் கூடிய ‘ஹஷீஷ் கழகம்’ இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. தியோபில் கோத்தியே அக்கூட்டத்தைப் பற்றி 1846இல் இதழொன்றில் எழுதிப் புகழ்பெறச் செய்தார். ஷார்ல் போதலேர் அம்மாளிகையிலேயே சில காலம் குடியிருந்தவர். கவிஞர்க்கு ஹஷீஷ் கற்பனையின் கதவைத் திறக்கும் என்னும் பேச்சு அங்கிருந்தே பரவியது. அப்பேச்சைப் பரப்புவோர் போதலேர் 1860இல் வெளியிட்ட ‘செயற்கைச் சொர்க்கங்கள்’ என்னும் நூலை முழுதும் படித்தாரல்லர் போலும். ஹஷீஷ் மனிதனுக்குப் புதிதாக ஒன்றையும் தருவதில்லை, அவன்பால் உள்ளதையே பெருக்கிக் காட்டுகிறது என்பதும், அது கவர்ந்து செல்வது மனவுறுதியை என்பதும், மனவுறுதி இழந்தவன் கண்ட காட்சியைப் பாட்டாக்க மாட்டான் என்பதும் அந்நூலின் வாதங்கள். பதிவேட்டுக் கட்டம் பித்தென்று எழுதிய இடத்தில், கவிஞர் செயலிழப்பு என்று எழுதினார். இது மருத்துவர் கணக்கில் அன்று ஏறவில்லை. எழுத வேண்டியவன் எழுதாமற் போன நாட்களை எந்தப் பதிவேடு குறிக்கும்?

மீண்டும் இந்தியாவிற்கு வருவோம். 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இலண்டன் நாடாளுமன்றத்தில் வில்லியம் சுப்ரோசுடன் கெயின் என்னும் உறுப்பினர் வங்காளத்தில் கஞ்சாப் பயிரும் விற்பனையும் மக்களுக்குச் செய்யும் கேடு பற்றி வினவினார். அவர் மதுவிலக்கு இயக்கத்தவர். அபினி, மது, கஞ்சா ஆகியவற்றை விற்று வரி தண்டும் அரசைக் கண்டித்தவர். இந்தியாவின் மனநோய் விடுதிகள் கஞ்சா புகைப்போரால் நிறைந்துள்ளன என்பதே அக்காலத்து மதுவிலக்காளர் முன்வைத்த வலிய சான்று. வினாவின் விளைவாக, அவ்வாண்டு ஜூலையில் இந்தியச் சணற்போதைப் பொருள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் மாக்வர்த் யங். ஆம்மனி, பிரேசர், மருத்துவர் வார்டன் ஆகிய ஆங்கிலேயரும், இராஜா சசிசேகரேசுவர ராய், கன்வர் ஹர்நாம் சிங், லாலா நிகால் சந்த் ஆகிய இந்தியரும் உறுப்பினர், மக்கின்டாஷ் செயலர்.

இக்குழு உழைத்த உழைப்பு வியப்புக்குரியது. 70 வினாக்கள் கொண்ட தாளை எங்கும் விடுத்தது. சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் சான்று திரட்டி, 1,193 பேரின் கூற்றைப் பதிந்தது. மருத்துவர், தண்டல்காரர், பாதிரிமார், பயிரிடுவோர், விற்போர் எனப் பலதரத்தாரும் அதில் அடங்குவர். பம்பாயிற் சுங்கத் தலைவராயிருந்த கேம்பல், சிவ வழிபாட்டிற் பாங்கிற்குள்ள இடம்பற்றி எழுதியனுப்பிய ‘சணற்சமயம்’ என்னும் கட்டுரை, அரசாங்க அறிக்கையொன்றின் பிற்சேர்க்கை என்று நம்பவியலாத நடையில் அமைந்தது. கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்னும் மருத்துவர் குரங்கொன்றுக்குப் பல திங்கள் கஞ்சாப் புகையூட்டி, பின்னர் அதன் மூளையை அறுத்து ஆராய்ந்து, கேட்டின் அடையாளம் காணவில்லை என்றார். ஒரு குரங்கைக் கொண்டு ஒரு நாட்டைத் தீர்மானிக்கலாகாது என்று பின்வந்த ஆய்வாளர் குறை கூறினர், அது சரியே.

ஆணைக்குழுவின் பெருஞ்செயல் வேறொன்று. அது பதிவேட்டின் கட்டத்திற்குள்ளே கை வைத்தது. 1892ஆம் ஆண்டு விடுதிகளிற் சேர்ந்தோர் 1,344 பேர். அவருள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா முதலிய பொருள்களே காரணம் என்று பதிவாகியிருந்தது. குழுவினர் இந்த 222 பேரின் தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்தனர். விடுதி மருத்துவரைக் குறுக்கு வினவினர். நோயாளியின் ஊரிலும் உறவினரிடத்தும் உள்ளூர் அலுவலர் வழியே உசாவினர். அப்போதுதான் கட்டம் நிரம்பிய வரலாறு வெளிப்பட்டது. விவரத்தாளைப் படியெடுத்ததன்றித் தாம் வேறொன்றும் செய்யவில்லை என்று கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டனர். நாடோடியாகவோ துறவிக் கோலத்திலோ வந்தவனாயின் ‘கஞ்சா’ என்று எழுதுதல் வழக்கமாயிருந்தது. எப்போதோ ஒருமுறை புகைத்தான் என்பதும் காரணமாயிற்று. நோய் தொடங்கிய பின்னர்ப் புகைக்கத் தலைப்பட்டவனுக்கும் அதுவே காரணமாயிற்று.

மறு ஆய்வின் முடிவில் 222 என்பது 98 ஆகச் சுருங்கியது. அந்த 98இலும், கஞ்சா ஒன்றே காரணம் எனத்தக்கவை 61. பிற காரணங்களோடு கலந்தவை 37. சேர்க்கப்பட்டோரில் ஆறில் ஒரு பங்கினர் என்றிருந்த கணக்கு, நூற்றுக்கு ஏழு என்னும் அளவிற்கு இறங்கியது.

1894இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை, அளவோடு கொள்வதால் மனத்திற்குக் கேடில்லை என்றும், மிகையாகக் கொள்வது மனத்தின் நிலையின்மையைக் காட்டுவதோடு அதனை மிகுவிக்கவும் செய்யும் என்றும் முடிவு கூறியது. ‘காட்டுவதோடு மிகுவிக்கவும்’ என்னும் அச்சொற்சேர்க்கை ஊன்றி நோக்கற்பாலது. பழக்கம் நோயின் காரணமா, நோயின் முதற்குறியா என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. பிற்காலத்தார் பெரும் புள்ளியியற் கருவிகளோடு வந்து கேட்டதும் இதுவே.

ஆயினும் இவ்வறிக்கையை அப்பழுக்கற்ற உண்மை நூலாகக் கொண்டாடுவோர் சிலவற்றை மறத்தல் ஆகாது. கஞ்சா அரசின் கருவூலத்திற்கு வரி தந்தது. தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்ற முடிவு ஆட்சிக்கு இனித்திருக்கும். மேலும், விடுதிக்கு வந்தோரை மட்டுமே எண்ணிய கணக்கு, வீட்டின் பின்கட்டில் அடைபட்டுக் கிடந்தோரை எண்ணவில்லை. அதனால் 7 என்பதும் நாட்டின் கணக்கன்று. இந்திய உறுப்பினர் மூவருள் சசிசேகரேசுவர ராயும் நிகால் சந்தும் பெரும்பான்மையோடு உடன்படாது தனிக் கருத்துரை இணைத்தனர் என்பது பலராலும் பேசப்படுவதில்லை. ராய், இராஜசாகி மாவட்டத்துத் தாகிர்ப்பூரைச் சேர்ந்த நிலக்கிழார். வங்காளத்தின் கஞ்சா முழுவதற்கும் தாயகமான நௌகாவ் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. பயிரை அருகிருந்து கண்டவர் உடன்பட மறுத்தார் என்பது குறைந்தது ஓர் அடிக்குறிப்பிற்கேனும் உரியது.

அறிக்கை அச்சாகி அலமாரியில் உறங்கியது. உலகம் வேறொரு பதிவேட்டை நம்பத் தொடங்கியது. அது கெய்ரோவின் அப்பாசியா விடுதிக்குரியது. அவ்விடுதியை 1895 முதல் நடத்திய ஜான் வார்னக் என்னும் ஆங்கில மருத்துவர், ஹஷீஷால் வரும் பித்துப் பற்றி 1903இல் எழுதிய கட்டுரை ஐரோப்பாவில் மேற்கோளாயிற்று. 1924 இறுதியில் ஜெனீவாவிற் கூடிய அபினி மாநாட்டில், எகிப்தின் பேராளர் முகமது எல் குயிந்தி எழுந்து, தம் நாட்டின் பித்து நோயாளருள் நூற்றுக்கு 30 முதல் 60 பேர்வரை ஹஷீஷால் வந்தவரே என்றார். அவையோர் அதிர்ந்தனர். ஆனால் அப்பாசியா விடுதியின் 1920-21ஆம் ஆண்டறிக்கையே சேர்க்கப்பட்ட 715 பேருள் 19 பேருக்குத்தான் ஹஷீஷைக் காரணமாகக் காட்டியிருந்தது. மதுவால் வந்தோர் 48 பேர். மாநாட்டு மண்டபத்தில் அவ்வறிக்கையை எவரும் விரிக்கவில்லை. முப்பதாண்டுக்கு முன் இந்தியாவில் எழுதிய ஏழு தொகுதிகளும் அவ்வாதத்திற்கு விடையாகவில்லை. 1925 பிப்ரவரியில் கையொப்பமான உடன்படிக்கையில் இந்தியச் சணலும் இடம்பெற்றது. எகிப்தின் பேராளரை இதற்காகப் பழித்தல் எளிது. அடிமைப்பட்ட ஒரு நாடு தன் மக்களின் அழிவைப் பற்றி உலக அவையில் முறையிட்டது என்னும் பக்கமும் அதற்குண்டு. அவர் நோக்கம் மெய், எண் பொய்.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்காக ஹாரி ஆன்சிலிங்கர் பரப்பிய கொலைக் கதைகளும், 1944இல் நியூயார்க்கு மேயர் லகார்டியா அமைத்த குழு அக்கதைகளை மறுத்ததும், 1961ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையும், அதன்வழி 1985இல் இந்தியா இயற்றிய போதைப்பொருள் சட்டமும் ஒரு தொடர்ச்சங்கிலி. (பூவும் காயும் நீங்கிய இலையை அச்சட்டம் கஞ்சா என்று கொள்ளாமையால் பாங்கு தப்பிற்று, கேம்பலின் கட்டுரை வென்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.) அரசுகள் இவ்வாறு பெரிதுபடுத்தியதற்கு எதிர்வினையாக, 1960களின் இளைஞர் தலைமுறை, கேடு என்பதே கட்டுக்கதை என்று கொண்டது. 1894ஆம் ஆண்டு அறிக்கையைத் தூசி தட்டி எடுத்து அதற்குச் சான்று காட்டியது. பொய்யென்று காட்டப்பட்டது பழைய கணக்கு. கேடே இல்லை என்று அதனால் நிறுவப்படவில்லை என்பதை அன்று எடுத்துச் சொல்வாரும் கேட்பாரும் அரியர்.

கட்டத்தை நம்பாத வேறொரு வழி 1987இல் சுவீடனிலிருந்து வந்தது. 1969-70இல் கட்டாயப் படைப்பணிக்கு வந்த 45,570 இளைஞர், தாம் கஞ்சா புகைத்ததுண்டா, எத்தனை முறை என்று அப்போதே எழுதிக் கொடுத்திருந்தனர். ஆந்திரேயாசனும் அவர் குழுவினரும் பதினைந்தாண்டுக் காலம் மருத்துவமனைப் பதிவுகளில் அவர்களைப் பின்தொடர்ந்தனர். இங்கே காரணம் எழுதியவர் காவலரல்லர். நோய் வருமுன்னரே இளைஞர் தம் வாயாற் கூறியது. ஐம்பது முறைக்கு மேற் புகைத்திருந்தோர்க்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் வருதல், புகையாதாரினும் ஆறு மடங்கு மிகுதியாயிருந்தது. படைப்பணிக்கு வந்தபோதே இருந்த மனக்குறைபாடு, பிரிந்த பெற்றோர் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோது அது ஏறத்தாழ மூன்று மடங்காகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. அவ்வாறு புகைத்தோருள்ளும் மிகப் பெரும்பாலோர் அந்நோய்க்கு ஆளாகவில்லை. இரு கட்சியாரும் இரண்டிலொரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சென்றனர் என்று கூற வேண்டுவதில்லை.

இடையிற் பொருளே மாறியது என்பதும் கருதற்குரியது. இஸ்ரேலில் இரபேல் மெக்கூலமும் கவோனியும் 1964இல், மயக்கம் தரும் வேதிப்பொருளாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினாலைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன்பின் செடியின் வீரியத்தை அளக்க முடிந்தது. பின்வந்த ஆண்டுகளில் பயிரிடுவோர் அதனைப் பெருக்கவும் கற்றனர். 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களிலிருந்து, முதன்முறை மனமயக்க நோயுற்ற 901 பேரும், ஒப்பீட்டிற்கு 1,237 பேரும் ஆராயப்பட்டனர். நாள்தோறும் புகைப்போர்க்கு இடர் மூன்று மடங்கு. அவ்வேதிப்பொருள் நூற்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் கொண்ட வீரிய வகையை நாள்தோறும் கொள்வோர்க்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. பழக்கமே காரணம் என்று கொண்டால், வீரிய வகை இல்லாதிருப்பின் ஆம்ஸ்டர்டாமில் புதிய நோயாளரிற் பாதியும், இலண்டனில் 30 விழுக்காட்டினரும் குறைந்திருப்பர் என்று அவ்வாய்வு கணித்தது. ‘காரணம் என்று கொண்டால்’ என்னும் அச்சொற்களை ஆய்வாளர் எழுதினர், செய்தித்தாள்கள் விட்டுவிட்டன. பித்துநோக்கிய பிறப்பியல்பு உடையோரே கஞ்சாவையும் நாடுகின்றனரோ என்னும் ஐயம் இன்னும் முற்றத் தீரவில்லை. எனினும் இளவயதும், மிகையளவும், குடும்பத்தில் அந்நோயும் ஒருங்கு சேருமிடத்து இடர் மெய்யே என்பதில் இன்று மருத்துவரிடையே பெரும் பிணக்கில்லை.

2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில், கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்குவதா என்று ஐக்கிய நாடுகளின் ஆணையம் வாக்கெடுத்தபோது, நீக்குக என்றோர் 27. வேண்டா என்றோர் 25. ஒரு நாடு வாக்களிக்கவில்லை. இந்தியா நீக்குவோர் பக்கம் நின்றது. மருத்துவப் பயனை ஒப்புதலே அவ்வாக்கின் பொருள். பிற தடைகள் நின்றன.

இன்று மனநல மருத்துவமனையில் இளைஞன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வரும்போது, மருத்துவர் பழக்கம் உண்டா என்பதோடு நிறுத்துவதில்லை. எந்த வயதில் தொடங்கினான், எவ்வளவு, எந்த வகை, உறக்கம் கெட்டது அதற்கு முன்னா பின்னா, வீட்டில் வேறு எவர்க்கேனும் இந்நோய் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தாய் ஒருவிதமாகவும் தந்தை வேறுவிதமாகவும் நினைவு கூர்வர். 222 தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு குழுவினர் 1893இல் ஊரூராகக் கேட்டனுப்பியதும் ஏறத்தாழ இவ்வினாக்களையே.